உயிரணுவின் விசை: மைக்கேல் ஷீட்ஸின் ஆய்வுகளை வாசிக்கும் முறை

உயிரணுவின் படத்தை ஒரு முறையேனும் வரையாத மாணவர் இல்லை. ஒரு வட்டம், அதனுள் உட்கரு, அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா, சுற்றிலும் சவ்வு. ஒவ்வொன்றுக்கும் கோடிழுத்துப் பெயர் எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் படத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்துப் படித்த மாணவரிடம், “இந்த உயிரணு தன்னுள் ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு கொண்டு செல்கிறது? தான் அமர்ந்திருக்கும் இடம் கெட்டியானதா மென்மையானதா என்பதை எவ்வாறு அறிகிறது?” என்று கேட்டால் விடை வராது. படத்தில் பாகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே செயற்படும் இழுவையும் அழுத்தமும் இல்லை.

அந்த இழுவையையும் அழுத்தத்தையும் அளப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அமெரிக்க அறிவியலாளர் மைக்கேல் ஷீட்ஸ். உயிர் இயற்பியலுக்கும் உயிரணு உயிரியலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் உழைத்தவர். சிங்கப்பூருக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2009-ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற மெக்கனோபயாலஜி ஆய்வு நிலையத்தின் நிறுவன இயக்குநர் அவரே. மெக்கனோபயாலஜி என்பதைத் தமிழில் விசை உயிரியல் எனலாம். உயிரணுக்கள் விசையை எவ்வாறு உண்டாக்குகின்றன, எவ்வாறு உணர்கின்றன, அதற்கு எவ்வாறு விடையளிக்கின்றன என்று ஆராயும் துறை அது.

ஓர் அறிவியலாளரின் ஆய்வு வெளியீடு என்றவுடன் கட்டுரைகளின் எண்ணிக்கையை நோக்குவது இன்றைய வழக்கம். ஷீட்ஸின் பெயரில் வெளிவந்த கட்டுரைகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆனால் பட்டியலைப் பட்டியலாகப் பார்த்தால் சிவப்பணு, பாசி, கணவாய், லேசர், புற்றுநோய் எனத் தொடர்பற்ற பொருள்கள் வரிசையாக நிற்பதாகவே தோன்றும். அவற்றை ஒரே நூலில் கோத்திருப்பது ஒரு கேள்வி: இங்கே செயற்படும் விசை எது, அதனை எவ்வாறு அளப்பது? அந்தக் கேள்வியைக் கைப்பிடித்துக்கொண்டு அவருடைய ஆய்வுகளை வரிசையாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சவ்வு ஏன் வளைகிறது?

ஷீட்ஸ் 1972-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் உயிரணுச் சவ்வு பற்றிய ஒரு முதன்மையான கருத்தை ஜொனத்தன் சிங்கரும் கார்த் நிக்கல்சனும் வெளியிட்டனர். சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன இரண்டு அடுக்குகள். அவற்றினிடையே புரதங்கள் மிதக்கின்றன என்பது அவர்கள் காட்டிய வடிவம். இன்றைய பாடநூல்களில் உள்ளதும் அதுவே.

சிங்கருடன் பணியாற்றிய இளம் ஷீட்ஸ், 1974-இல் அவரோடு இணைந்து ஒரு கட்டுரை எழுதினார். சிவப்பணுக்களைச் சில மருந்துகளில் இட்டால் அவற்றின் வடிவம் மாறும். சில மருந்துகளில் அவை முள் முளைத்தாற்போல் ஆகும். வேறு சிலவற்றில் கிண்ணம் போல் குழியும். ஏன் இந்த வேறுபாடு? சவ்வின் இரண்டு அடுக்குகளும் ஒரே தன்மையன அல்ல என்பதில் அவர்கள் விடையைக் கண்டனர். எதிர் மின்னூட்டம் கொண்ட மருந்து மூலக்கூறுகள் பெரும்பாலும் வெளியடுக்கில் புகுகின்றன. வெளியடுக்கு விரிகிறது, சவ்வு வெளிநோக்கிப் புடைக்கிறது. நேர் மின்னூட்டம் கொண்டு சவ்வைக் கடக்கவல்ல மூலக்கூறுகள் உள்ளடுக்கில் சேர்கின்றன. உள்ளடுக்கு விரிகிறது; சவ்வு உள்நோக்கிக் குழிகிறது.

இயற்பியல் வகுப்பில் ஈருலோகப் பட்டையைக் கண்ட மாணவருக்கு இது உடனே விளங்கும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் சூடேற்றினால், மிகுதியாக விரியும் உலோகம் வெளிப்புறம் இருக்குமாறு பட்டை வளைகிறது. சவ்விலும் நடப்பது அத்தகையதே. மருந்தியல் கேள்வியாகத் தொடங்கிய ஒன்றுக்கு விசையியலின் விடை கிடைத்தது. ஷீட்ஸின் பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் உரிய போக்கு இந்தத் தொடக்ககாலக் கட்டுரையிலேயே தெரிகிறது.

பாசியிலிருந்து கணவாய்க்கு

1980-களின் தொடக்கத்தில், அப்போது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷீட்ஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்புடிச்சின் ஆய்வகத்துக்குச் சென்றார். தசை சுருங்குவதற்குக் காரணமான மயோசின் என்னும் புரதம், ஆக்டின் என்னும் மற்றொரு புரதத்தாலான இழைகளைப் பற்றி இழுக்கிறது என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. ஆனால் தசைக்கு வெளியே, தூய்மைப்படுத்திய மயோசின் இழைமீது நகர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை.

இருவரும் நைட்டெல்லா என்னும் நன்னீர்ப் பாசியைத் தேர்ந்தனர். அதன் உயிரணுக்கள் மிக நீளமானவை. அவற்றின் உட்புறத்தில் ஆக்டின் இழைகள் ஒரே திசையில் வரிசையாக அமைந்துள்ளன. உயிரணுவை வெட்டித் திறந்து, மயோசின் பூசிய நுண்ணிய மணிகளை அவ்விழைகள்மீது இட்டனர். ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூற்றைச் சேர்த்ததும் மணிகள் இழைவழியே ஒரே திசையில் ஓடின. 1983-இல் வெளியான இம்முடிவு, இயக்கத்தை உயிரணுவுக்கு வெளியே எடுத்து அளக்க முடியும் என்று காட்டியது. இத்தனை புரதம், இத்தனை ஏடிபி, இத்தனை வேகம் என்று எண்களில் பேச வழி பிறந்தது.

அந்நாளில் ஸ்டான்ஃபோர்டில் ரொனால்டு வேல் என்னும் ஆய்வு மாணவர் நரம்பணுக்களை ஆராய்ந்து வந்தார். நரம்பணுவின் நீண்ட இழைக்குள் சிறு பைகள் ஓயாமல் போவதும் வருவதுமாக இருப்பதை நுண்ணோக்கி வழியாகப் பலர் கண்டிருந்தனர். அவற்றை நகர்த்துவதும் மயோசின்தானோ என்ற ஐயம் வேலுக்கும் ஷீட்ஸுக்கும் எழுந்தது. அதனைச் சோதிக்க ஏற்ற உயிரி கணவாய். நம் சந்தைகளில் சோத்தோங் என்று விற்கப்படும் அதே இனம்தான். கணவாயின் உடலில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மாபெரும் நரம்பிழை ஒன்று உண்டு. பற்பசையைப் பிதுக்குவதுபோல் அதனுள்ளிருக்கும் கூழைப் பிதுக்கி எடுத்து ஆராயலாம்.

கலிஃபோர்னியக் கடற்கரையிலேயே அவ்வாய்வைச் செய்ய எண்ணினர். ஆனால் 1983-இல் பசிபிக் பெருங்கடலை வெப்பமாக்கிய எல் நினோவால் அப்பகுதியில் கணவாய் கிடைக்கவில்லை. ஆகவே நாட்டின் மறுகரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வுட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றனர். அங்கே தாமஸ் ரீஸ், புரூஸ் ஷ்னாப் ஆகியோரும் கணவாய் நரம்பிழையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். மங்கலான உருவங்களைக் காணொளிக் கருவியால் தெளிவுபடுத்தும் நுண்ணோக்கி முறையும் அங்கே இருந்தது. அம்முறையால் 25 நானோமீட்டர் பருமனே உள்ள நுண்குழல் ஒன்றைத் தனியாகக் காண முடிந்தது.

முதலில் கிடைத்த முடிவு அவர்களின் எண்ணத்துக்கு மாறாக இருந்தது. சிறு பைகள் ஓடியது ஆக்டின் இழைமீது அன்று, நுண்குழல்மீது. எனவே அவற்றை இழுப்பது மயோசினாக இருக்க இயலாது. அடுத்துத் தூய்மைப்படுத்திய பைகளையும் நுண்குழல்களையும் சேர்த்துப் பார்த்தபோது இயக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. நரம்பிழைக் கூழின் கரைந்த பகுதியைச் சேர்த்ததும் இயக்கம் பெருகியது. சரிபார்ப்பதற்காகப் பைகளே இல்லாமல் கரைசலையும் நுண்குழல்களையும் மட்டும் கண்ணாடித் தகட்டின்மீது இட்டனர். அங்கே நுண்குழல்களே கண்ணாடிமீது ஊர்ந்தன. கரைசலிலுள்ள ஏதோ ஒரு புரதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நுண்குழலைத் தள்ளுகிறது என்பது அதன் பொருள்.

அந்த ஊர்தலையே அளவுகோலாகக் கொண்டு அப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1985-இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரும் அதற்குக் கைனெசின் என்று பெயரிட்டு வெளியிட்டனர். அசைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. எதிர்பார்த்த விடை கிடைக்காதபோது சோதனையை விட்டுவிடாமல், சரிபார்ப்புக்காக வைத்த ஏற்பாட்டையும் கூர்ந்து நோக்கியதே இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. மாணவர்களுக்கு இதனை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் தகும்.

சுமப்பவர் ஏன் வேண்டும்?

பொருள்கள் நீரில் தாமாகவே விரவிப் பரவுமே, அவற்றைச் சுமந்து செல்ல ஒரு புரதம் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி, விடையைக் கணக்கே சொல்லும்.

விரவலுக்கு ஆகும் நேரம் தொலைவின் இருமடியாகப் பெருகும். தொலைவு 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். ஒரு சிறிய மூலக்கூறு 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள உயிரணுவைக் கடக்க ஏறத்தாழ 0.1 நொடி போதும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை செல்லும் நரம்பணுவின் இழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அதாவது 1 இலட்சம் மடங்கு தொலைவு. எனவே நேரம் 1,000 கோடி மடங்கு, 0.1 நொடி 100 கோடி நொடியாகிறது. ஆண்டுக்கணக்கில் அது 30 ஆண்டுகளுக்கு மேல். சிறு மூலக்கூற்றுக்கே இந்த நிலை என்றால், அதைவிடப் பன்மடங்கு பெரிதான ஒரு பைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உண்மையில் நரம்பிழைக்குள் விரைவாகச் செல்லும் சுமைகள் ஒரு நாளில் 200 முதல் 400 மில்லிமீட்டர்வரை கடக்கின்றன. சில நாள்களில் விரல் நுனியை எட்டிவிடுகின்றன. சுமப்பவர் இல்லாமல் நம் கால் அசையாது.

கைனெசினுக்கு இரண்டு ‘தலைகள்’ உள்ளன. நுண்குழலைப் பற்றி, ஒன்றையடுத்து ஒன்றாக எடுத்துவைத்து நடப்பவை அவை. ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர். ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஏடிபி மூலக்கூறு செலவாகிறது. நொடிக்கு ஏறத்தாழ 100 அடி வைக்கும். பெரும்பாலான கைனெசின்கள் நரம்பணுவின் உடற்பகுதியிலிருந்து நுனியை நோக்கிச் செல்கின்றன. திரும்பி வரும் சுமைகளை டைனீன் என்னும் வேறொரு புரதம் இழுக்கிறது. மனிதரிடம் கைனெசின் குடும்பத்தைச் சேர்ந்த 45 மரபணுக்கள் இருப்பது பின்னர் தெரியவந்தது. அவற்றுள் ஒன்றான கேஐஎஃப்5ஏ மரபணுவில் பிழை நேர்ந்தால், கால்கள் விறைத்து நடை தளரும் ஒருவகைப் பரம்பரை நோய் உண்டாகிறது. மிக நீளமான நரம்பிழைகள் கால்களுக்குச் செல்பவையே என்பதை நினைத்தால், பாதிப்பு அங்கே தோன்றுவது ஏன் என்பது புலப்படும்.

ஒளியால் அளத்தல்

8 நானோமீட்டர் அடியை எவ்வாறு அளந்தனர்? சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். ஒளியின் அலைநீளம் விதிக்கும் எல்லை அது.

1988-இல் ஜெஃப் கெல்ஸ், ஷ்னாப், ஷீட்ஸ் ஆகியோர் இந்த எல்லைக்குள் நின்றே ஒரு வழி கண்டனர். இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிவது வேறு, ஒரே பொருளின் நடுப்புள்ளியைக் கண்டறிவது வேறு. தொலைவிலிருந்து பார்க்கும்போது தெருவிளக்கைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரியும். விளக்கின் வடிவம் தெரியாவிட்டாலும், விளக்கு அவ்வட்டத்தின் நடுவில் உள்ளது என்று துல்லியமாகச் சொல்லலாம். அதுபோலவே கைனெசின் இழுத்துச் செல்லும் மணியின் மங்கலான உருவத்தைக் கணினியில் இட்டு, அதன் நடுப்புள்ளியை ஓரிரு நானோமீட்டர் துல்லியத்தில் தொடர்ந்தனர். மற்றோர் ஆய்வுக்குழு 1993-இல் கைனெசினின் 8 நானோமீட்டர் அடிகளைத் தனித்தனியே கண்டது.

அதற்குத் துணைநின்ற மற்றொரு கருவி ஒளி இடுக்கி. குவிந்த லேசர் கதிர், நுண்ணிய மணியைத் தொடாமலே தன் நடுவில் பிடித்துவைக்கும். மணியை எவரேனும் இழுத்தால் அது நடுவிலிருந்து சற்று விலகும். விலகிய அளவிலிருந்து இழுத்த விசையைக் கணக்கிடலாம். இக்கருவியை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கின் 2018-இல் நோபெல் பரிசு பெற்றார். ஒளி இடுக்கியால் அளந்தபோது கைனெசின் ஒன்றின் இழுவிசை ஏறக்குறைய 6 பிக்கோநியூட்டன் என்று தெரிந்தது. ஒரு நியூட்டனை ஓர் இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே ஒரு பிக்கோநியூட்டன்.

தொட்டறியும் உயிரணு

ஷீட்ஸ் 1990-இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். இக்காலத்தில் அவருடைய கேள்வி உயிரணுவின் உள்ளிருந்து அதன் விளிம்புக்கு நகர்ந்தது. உள்ளே விசை உண்டாகிறது என்றால், வெளியிலிருந்து வரும் விசையை உயிரணு அறியுமா?

1997-இல் டேனியல் ஷோக்கே, டான் ஃபெல்சன்ஃபெல்டு ஆகியோருடன் அவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. உயிரணுக்களைச் சூழ்ந்து புரதங்களாலான ஒரு வலை உள்ளது. அதனை உயிரணு, சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்னும் புரதங்களால் பற்றுகிறது. ஆய்வாளர்கள் அவ்வலையிலுள்ள ஃபைப்ரோனெக்டின் புரதத்தை மணிகளில் பூசி, உயிரணுவின் மேற்பரப்பில் வைத்தனர். உயிரணு மணியைப் பற்றி இழுத்தது. ஒளி இடுக்கியால் மணியை விடாமல் பிடித்தபோது, உயிரணு தன் பிடியை மேலும் வலுப்படுத்தியது. எதிர்ப்பு மிகுந்தால் பிடிப்பும் மிகுந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி வலுவாக இழுக்கும்போது நாம் காலை ஊன்றிக்கொள்வதை இது நினைவூட்டும்.

அப்படியானால் விசையை அறியும் உறுப்பு எது? இதற்குக் கிடைத்த விடை எளிமையானது: விசைபட்ட புரதம் நீள்கிறது, நீண்டதும் அதுவரை மறைந்திருந்த பகுதி வெளிப்படுகிறது. 2006-இல் சவாடா முதலியோருடன் ஷீட்ஸ் வெளியிட்ட ஆய்வு, பி130காஸ் என்னும் புரதம் இழுபடும்போது அதன் மறைந்த இடங்கள் திறந்து, நொதிகள் அங்கே வேதிக்குறியிட வழி ஏற்படுவதைக் காட்டியது. 2009-இல் டாலின் என்னும் புரதத்தைத் தனி மூலக்கூறாகப் பிடித்து இழுத்தனர். கட்டுக்கட்டாகச் சுருண்டிருந்த அதன் பகுதிகள் அவிழ்ந்ததும் வின்குலின் என்னும் மற்றொரு புரதம் அங்கே வந்து ஒட்டியது. மடித்த தாளை விரித்தால்தான் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க முடியும். டாலினிலும் நடப்பது அதுவே. இழுவை என்னும் இயற்பியல் நிகழ்வு, ஒட்டுதல் என்னும் வேதியியல் நிகழ்வாக மாறுகிறது. இவ்விரண்டு ஆய்வுகளிலும் ‘உணர்தல்’ என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் கிடைக்கிறது.

ஆசிரியர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். “உயிரணு உணர்கிறது” என்று தமிழில் எழுதும்போது, அதற்கு மனம் உண்டு என்று மாணவர் எண்ணிவிடக் கூடும். “விசை பட்டதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது, மாறிய வடிவத்தில் வேறொரு புரதம் ஒட்டுகிறது, அதனால் உயிரணுவின் செயல் மாறுகிறது” என்று மூன்று வாக்கியங்களாக விரித்துச் சொன்னால் மயக்கம் நீங்கும். கலைச்சொல்லை அறிமுகப்படுத்துவதோடு அமையாமல், அச்சொல் எந்த நிகழ்வைக் குறிக்கிறது என்பதையும் விளக்குவதே தமிழில் அறிவியல் கற்பிப்போரின் முதற்கடமை.

சிங்கப்பூரில் ஒரு கூடம்

விசை உயிரியல் ஆய்வு நிலையம், தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஆதரவிலும் கல்வி அமைச்சின் ஆதரவிலும் ஓர் ஆய்வு உன்னத நிலையமாகக் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் அமைந்தது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சுவர் எழுப்பாமல், இயற்பியலாரும் உயிரியலாரும் பொறியியலாரும் ஒரே திறந்த கூடத்தில் கருவிகளைப் பகிர்ந்து பணியாற்றும் முறையை ஷீட்ஸ் அங்கே கொண்டுவந்தார். அவருடைய கேள்விகள் ஒரு துறைக்குள் அடங்குபவை அல்ல என்பதே அதற்குக் காரணம்.

அங்கும் கொலம்பியாவிலும் நடந்த ஆய்வுகளில், மீள்தன்மையுள்ள நுண்தூண்களை வரிசையாக அமைத்து அவற்றின்மேல் உயிரணுக்களை வளர்த்தனர். ஒவ்வொரு தூணும் அரை மைக்ரோமீட்டர் பருமன். உயிரணு, அருகருகே உள்ள தூண்களை ஒன்றையொன்று நோக்கிக் கிள்ளுவதுபோல் இழுத்தது. 2016-இல் வெளியான ஆய்வின்படி, இந்த இழுவை 2.5 நானோமீட்டர் அளவான படிகளாக நிகழ்கிறது. அதனைச் செய்யும் அமைப்பில் மயோசினும் ஆக்டினும் தசையில் உள்ளதைப்போன்றே அணிவகுத்துள்ளன.

தேக்கா சந்தையில் மாம்பழம் வாங்குபவர் அதனை விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். கொஞ்சம் அழுத்தியும் குழியாவிட்டால் காய் என்று வைத்துவிடுவார். உயிரணுவும் ஏறத்தாழ இவ்வாறே தன் சூழலைச் சோதிக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு இழுக்கும்போது எதிர்ப்பு மிகுதியாக இருந்தால் அவ்விடம் கெட்டி. பிடிப்பு வலுப்பெறுகிறது, உயிரணு விரிந்து வளர்கிறது. எதிர்ப்பு குறைவாக இருந்தால் அவ்விடம் மென்மை, பிடி விடுபடுகிறது.

புற்றுநோயில் இழக்கப்படுவது

உடலின் இயல்பான உயிரணுக்களில் பல, பற்றுவதற்குக் கெட்டியான தளம் இல்லையெனில் வளராமல் மடியும். புற்றணுக்களோ மென்மையான கூழில் இட்டாலும் பெருகும். புற்றுத்தன்மையை ஆய்வகத்தில் அறிவதற்கு இச்சோதனை பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் அதன் காரணம் தெளிவாகத் தெரியவில்லை.

ஷீட்ஸின் குழுவினர் ஒரு காரணத்தை முன்வைத்தனர். நுண்தூண்களைக் கிள்ளிப் பார்க்கும் அமைப்புக்கு ட்ரோப்போமயோசின் 2.1 என்னும் புரதம் வேண்டும். பல புற்றணுக்களில் இப்புரதம் குறைந்திருக்கிறது. மார்பகப் புற்றணு வகையொன்றில் அப்புரதத்தை மீண்டும் உண்டாக்கியபோது, கெட்டித்தன்மையைச் சோதிக்கும் திறன் திரும்பியது. மென்மையான தளத்தில் வளர்வது நின்றது. இயல்பான உயிரணுவில் அப்புரதத்தைக் குறைத்தபோது அது மென்மையான தளத்திலும் வளரத் தொடங்கியது. புற்றணு புதிதாக ஒரு திறனைப் பெற்றது என்பதைவிட, “இங்கே வளராதே” என்று தடுத்த ஒரு சோதனையை அது இழந்தது என்று கொள்ளலாம் என்பது இதன் பொருள். இவை வளர்ப்புத் தட்டில் கண்ட முடிவுகள். இவற்றிலிருந்து நோயாளிக்கு மருந்து வரும்வரை கடக்க வேண்டிய தொலைவு பெரிது என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

அடிப்படை ஆய்வு மருந்தாக மாறுவது புதிதன்று. மயோசினின் வேகத்தையும் விசையையும் மூலக்கூற்றளவில் அளக்கும் வழிவந்த ஆய்வுகளின் பயனாக, இதயத் தசை தடிப்பதால் உண்டாகும் ஒருவகை நோய்க்கு மாவகாம்டென் என்னும் மருந்து கிடைத்தது. மயோசினின் மிகைச் செயலைத் தணிக்கும் அம்மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் ஒப்புதல் அளித்தது. பாசியின்மேல் மணிகள் ஓடியதற்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 40 ஆண்டுகள் உள்ளன. 1983-இல் அந்தப் பாசியைப் பார்த்து, “இதனால் என்ன பயன்?” என்று கேட்டிருந்தால் எவராலும் விடை சொல்லியிருக்க முடியாது.

வகுப்பறைக்குச் சில எண்ணங்கள்

உயிரணுவின் இயக்கிப் புரதங்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஷீட்ஸ், ஸ்புடிச், வேல் ஆகிய மூவருக்கும் 2012-ஆம் ஆண்டு ஆல்பர்ட் லாஸ்கர் அடிப்படை மருத்துவ ஆய்வு விருது வழங்கப்பட்டது. ஷீட்ஸ் அப்போது சிங்கப்பூர் ஆய்வு நிலையத்தின் இயக்குநராகவும் இருந்தார். பின்னர் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் பணியேற்றார். சிங்கப்பூரின் ஹான்ரி யூவுடன் இணைந்து, உயிரணுவை ஓர் இயந்திரமாக நோக்கும் பாடநூல் ஒன்றையும் 2018-இல் வெளியிட்டார். மேலே கண்ட ஆய்வுகளுள் எதுவும் ஒருவர் தனித்துச் செய்தது அன்று. ஒவ்வொன்றிலும் ஆசிரியரோடு மாணவரும், ஓர் ஆய்வகத்தோடு மற்றோர் ஆய்வகமும் கைகோத்துள்ளன. கைனெசினைக் கண்டவர்களுள் ஒருவரான வேல், அப்போது இன்னும் ஆய்வு மாணவரே.

ஓர் ஆய்வாளரின் பணியை மாணவரிடம் அறிமுகப்படுத்த விரும்பும் ஆசிரியர் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். இவர் விடை தேடிய கேள்வி என்ன? அதற்கு எந்த உயிரியை, ஏன் தேர்ந்தார்? எதனை, எக்கருவியால் அளந்தார்? அவர் எதிர்பார்த்ததும் கண்டதும் ஒன்றா, வேறா? இந்த நான்கையும் கைனெசினுக்குப் பொருத்திப் பாருங்கள். நரம்பிழைக்குள் சுமையை இழுப்பது எது என்பது கேள்வி. பெரிய நரம்பிழை உள்ளதால் கணவாய். நுண்குழலின் ஊர்தலைக் காணொளி நுண்ணோக்கியால் அளந்தனர். மயோசினை எதிர்பார்த்துப் புதிய புரதத்தைக் கண்டனர். முழுக் கட்டுரையும் நான்கு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. இதைச் செய்யக்கூடிய மாணவர், கட்டுரை எந்த மொழியில் இருந்தாலும் அதன் உட்பொருளைத் தமிழில் எடுத்துரைக்க வல்லவராகிறார்.

அடுத்த முறை உயிரணுவின் படத்தை வரையச் சொல்லும்போது, பாகங்களின் பெயர்களுடன் சில அம்புக்குறிகளையும் இடச் சொல்லுங்கள். சுமை எத்திசையில் போகிறது, அதனை எது இழுக்கிறது, உயிரணு தன் தளத்தை எங்கே பற்றியிருக்கிறது என்று அவை காட்டட்டும். அம்பு இடத் தெரியாத இடத்தில் மாணவர் நிறுத்திக் கேள்வி கேட்பார். பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.